ராஜாவுக்கு நெறி கட்டிய கதை

வெள்ளாற்றங்கரையில் கோட்டை கட்டி வீரகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்த காலம் அது. அவருக்குக் கோபமும் சந்தேகமும் ஒன்றாகத்தான் வரும்.

ஒருநாள் அவருக்குக் காய்ச்சல் கண்டது. இடது தொடை இடுக்கில் எலுமிச்சை அளவுக்கு நெறி கட்டியிருந்தது. அரண்மனை வைத்தியர் மருதவாணர் தொட்டுப் பார்த்தார்.

"கெட்ட கட்டி. அறுத்தெறிந்தால்தான் உயிர் தங்கும்."

"அறுக்க வேண்டாம்" என்றார் மந்திரி பூதலிங்கம்.

மந்திரியைக் கண்டாலே வைத்தியருக்கு எரியும். "மகாராஜா சாகட்டும் என்கிறார் போலிருக்கிறது."

ராஜாவின் முகம் மாறியது. "அறுக்கும் கத்தி நெருப்பில் காயும்வரைதான் உமக்கு நேரம், மந்திரி. அதற்குள் காரணம் சொல்லாவிட்டால் உம் தலை இருக்காது."

மந்திரி வெளியே போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"மகாராஜா, தெற்கு வாசலில் நம் காவலர் முந்நூறு பேர் கூடி நிற்கிறார்கள். வழியே அடைத்துப் போயிற்று. அடித்துக் கலைக்க உத்தரவு வேண்டும்."

"எதற்குக் கூடினார்களாம்?"

"ஆற்றுத்துறையில் கொள்ளையர் இறங்கிவிட்டார்கள். அவர்களை உள்ளே விடாமல் நம் காவலர் மறித்துச் சண்டை போடுகிறார்கள்."

"அவர்களை அடித்துவிட்டுக் கொள்ளையருக்கு வழிவிடச் சொல்கிறீரா? துறைக்கு ஆள் அனுப்பும்."

"அப்படியே செய்கிறேன். அந்த வாசல் மகாராஜாவின் தொடை இடுக்கில் இருக்கிறது. துறை காலில் எங்கோ இருக்க வேண்டும். பாதத்தைக் கொஞ்சம் காட்டுங்கள்."

ராஜா காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். வைத்தியர் சிரித்தார். "பாதத்துக்கும் இடுக்குக்கும் என்ன சம்பந்தம்?"

"சிராய்ப்பில் ரத்தம் நின்ற பிறகும் தெளிவாக ஒரு நீர் கசியுமே, அந்த நிணநீர் உடம்பெங்கும் ஓடுகிறது. காலில் நுழைந்த விஷத்தை மேலே கொண்டுவருவதும் அதுதான். இடுக்கிலும் அக்குளிலும் கழுத்திலும் இருக்கும் முடிச்சுகள் அதை மறிக்கும். சண்டை மூண்டால் முடிச்சு வீங்கும். நீங்கள் அறுக்கப் பார்ப்பது காவலரை."

ராஜா மெதுவாகக் காலை நீட்டினார். சுண்டுவிரலுக்கு அடியில் இலந்தை முள், சுற்றிலும் சீழ்.

"இலந்தைப் பழம் தின்னக் கூடாதென்று சொல்லியிருந்தீர், வைத்தியரே. செருப்பில்லாமல் தோட்டத்துக்குப் போய்ப் பறித்தேன். சொல்ல வெட்கமாக இருந்தது."

மந்திரி முள்ளை எடுத்து, உப்புப் போட்ட வெந்நீரால் கழுவிக் கட்டினார். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. பத்து நாளில் நெறி வடிந்தது.

ராஜா தன் மோதிரத்தைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். பிறகு வைத்தியரைப் பார்த்தார். "மந்திரிமேல் இருந்த எரிச்சலில் அவர் சொல்லியும் என் காலைப் பார்க்கவில்லை நீர். இனி வாரச் சந்தையில் உட்கார்ந்து ஊராருக்கு முள் எடும்."

வைத்தியர் தலைகுனிந்து போனார். முதல் இரண்டு சந்தையிலும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் சந்தையில் ஒரு குயவர் தாடைக்குக் கீழே வீங்கி வந்தார்.

"இதை அறுத்துவிடுங்க, சாமி."

கத்திப்பக்கம் போன கை பாதியில் நின்றது.

"அது கிடக்கட்டும்" என்றார் வைத்தியர். "வாயைத் திற, பல்லைப் பார்ப்போம்."