பட்டு கட்டிய கிடா

பண்ணையார் மாசிலாமணி சந்தையில் ஒரு கொம்புக் கிடா வாங்கினார். அது அம்மணமாகத் திரிவது பண்ணைக்குக் கௌரவக் குறைவு என்று வயிற்றைச் சுற்றிப் பட்டு வேட்டி கட்டிவிட்டார். ஆடுகள் பருவம் தப்பிச் சினையாகாமல் இருக்கத்தான் கிடாவின் அடிவயிற்றில் துணி கட்டுவார்கள். மேய்க்கிற பூச்சம்மா அதைச் சொல்ல வாயெடுத்தாள்.

“எனக்கே பாடமா? பட்டை நீயா அவிழ்த்தால் வேலை போச்சு. பங்குனியில் பட்டி நிறையக் குட்டி இல்லாவிட்டாலும் போச்சு” என்றார்.

ஐப்பசி பிறந்ததும் பூச்சம்மா வந்து நின்றாள். “ஐயா, பட்டெல்லாம் மூத்திர நாத்தம். பண்ணையார் வீட்டுப் பட்டான்னு ஊரே மூக்கைப் பிடிக்குது.”

“சீ, கழற்றித் துவைச்சுப் போடு. நல்லாக் காய்ஞ்ச பிறகு கட்டு.”

அது அடைமழை மாதம். பட்டு காயவே இல்லை. காய்ந்துவிடும் போலிருந்த அன்று பூச்சம்மா மறுபடி துவைத்தாள். கிடா வெறும் உடம்போடு மந்தைக்குள் வெகு சந்தோஷமாகத் திரிந்தது. கார்த்திகையில்தான் மறுபடி பட்டு உடுத்தியது.

பங்குனியில் பட்டி கொள்ளாமல் குட்டிகள். பாதிக்கு மேல் இரட்டை. பண்ணையார் ஊரைக் கூட்டி, “பார்த்தீங்களா, எல்லாம் என் பட்டு வேட்டியின் ராசி” என்றார்.

“ஆமாங்கய்யா” என்றாள் பூச்சம்மா. “கொடியில கிடந்த வரைக்கும் நல்ல ராசி.”