அசேலியாவுக்குள் புல்

கோத்தகிரிச் சரிவில் ஒரு சிறிய மடம். அதை நடத்தியவர் அருளம்மை. அவருடைய சீடர்களில் மூத்தவர் போஜன், வயதில் அம்மையைவிடவே மூத்தவர். எஸ்டேட் பங்களாவில் தோட்ட மேஸ்திரியாக இருந்துவிட்டு மடத்துக்கு வந்தவர்.

வாசலில் இருந்த அசேலியாப் பூச்செடி வரிசை போஜன் வைத்தது. பூத்து நிற்கும்போது பஸ்ஸில் போகிறவர்கள் எழுந்து நின்று பார்ப்பார்கள். திடீரென்று ஒருநாள் அம்மை அந்த வரிசையைத் தங்கராசு என்ற இன்னொரு சீடனிடம் கொடுத்துவிட்டு, போஜனைக் காய்கறித் தோட்டத்துக்கு அனுப்பினார். காரணம் சொல்லவில்லை. அன்றிலிருந்து போஜன் தங்கராசுவின் முகத்தில் விழிப்பதில்லை. வருஷங்கள் ஓடியும் அந்த வன்மம் இறங்கவில்லை.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருடைய பாத்தியைப் பற்றி, அவராகக் கேட்டாலொழிய, இன்னொருவர் வாய் திறக்கக் கூடாது. போஜனுக்கு அது வசதியாகப் போயிற்று.

அந்த வருஷம் மழைக்குப் பின் அசேலியாவுக்குள் புல் ஏறியது. தங்கராசு களைக்கொல்லியும் ஸ்பிரேயரும் வாங்கி வந்தான். பள்ளத்துக் காற்று மேலேறும் மதியத்தில் அடிக்கப் போகிறான் என்று போஜனுக்குத் தெரிந்தது. அடித்தால் புல்லோடு வரிசையும் கருகும். கருகட்டும், ஊரே பார்க்கட்டும் என்று உட்கார்ந்தார். சோறு இறங்கவில்லை. எழுந்து அம்மையிடம் போனார்.

"அம்மா, கேக்காதவனுக்குச் சொல்லாம இருந்தா பாவமா?"

"யாருக்கு?"

"பொதுவாத்தான் கேக்குறேன்."

அம்மை வாசலுக்கு நடந்தார். போஜன் பின்னால் போனார். தங்கராசு மருந்தைக் கலக்கி ஸ்பிரேயரில் ஊற்றிவிட்டு நின்றிருந்தான். அம்மை ஸ்பிரேயரை வாங்கித் தன் முதுகில் மாட்டினார். பம்ப் அடித்தார். குழாயின் முனை நடுச்செடியை நோக்கி உயர்ந்தது.

"நிறுத்துங்க!"

போஜன் பாய்ந்து முனையைப் பிடித்துவிட்டார்.

"காத்து எந்தப் பக்கம்னு பாக்க வேணாமா? இலையில பட்டாப் போச்சு! அடியில வர்ற பச்சைக் குருத்துல பட்டாலும் வேர் வரைக்கும் இறங்கிடும். இதுக்கு ஸ்பிரேயரே ஆகாது. காலையில காத்து எழும்புறதுக்குள்ள, கையுறை போட்டுக்கிட்டு, குச்சியில துணி சுத்தி, மருந்துல நனைச்சுப் பிழிஞ்சு, வெளியோரப் புல்லுல மட்டும் தடவணும். செடியடியில கையாலதான் பிடுங்கணும். கொத்தவே கூடாது, வேரெல்லாம் தலைமயிராட்டம் மேலயே கிடக்கு!"

மூச்சு வாங்கியது. பின்னாலிருந்து குரல் வந்தது.

"அண்ணே, துணியை எவ்வளவு பிழியணும்?"

போஜன் திரும்பினார். எதிரே தங்கராசு.

"சொட்டக் கூடாது. அவ்வளவுதான்டா, மடையா."

"மடையன்தாண்ணே. கேக்கலாம்னு எத்தனை தடவை வந்தேன். முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போயிடுவீங்க."

போஜன் திரும்பி அம்மையைப் பார்த்தார்.

"உள்ள இருக்கறது மருந்துன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"நான் கத்தாம இருந்திருந்தா?"

அம்மை ஸ்பிரேயரைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"இந்தச் செடிகளை வச்சது வேற யாரோன்னு நினைச்சிருப்பேன்."