காலையில் இல்லாத வீக்கம்

ஒரு ராஜா இருந்தார். ஆனால் நெட்டூரணிப் பக்கம் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. அதனால் அவரை விட்டுவிடுங்கள். அந்த ஊருக்கு ராஜா, மந்திரி, நீதிபதி எல்லாம் நாட்டாமை வைரவன்தான்.

வைரவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் இந்தக் கதையே தேவையில்லை.

பொழுது சாய்வதற்கு முன்பே கோயில் மண்டபத்துக்கு வந்துவிடுவான். வழக்குக் கேட்பான். யார் சொன்னாலும் நம்பமாட்டான். மறுநாள் காலையில் எழுந்து நேரில் போய்ப் பார்ப்பான். வரப்பைப் பார்ப்பான், வேலியைப் பார்ப்பான், திருட்டுப்போன வீட்டைப் பார்ப்பான். பார்த்துவிட்டு வந்து, "என் கண்ணால பார்த்தேன். தீர்ந்தது" என்பான். அத்தோடு தீர்ந்துவிடும். ஊர் அதற்கு மேல் பேசாது.

அவனுக்குப் பதினேழு கறவை மாடுகள். அதில் ஒன்று மயிலை. பிறந்த அன்றே தாயைத் தின்ற கன்று என்று ஊர் அதை ஒதுக்கியது. வைரவன் ஒதுக்கவில்லை. விரலைப் பாலில் நனைத்து அதன் வாயில் வைத்து, சப்ப வைத்து, ஒரு மாதம் வளர்த்தான். நாலு ஈற்று ஈன்ற பிறகும் அந்த மாடு அவன் விரலை மறக்கவில்லை. தினமும் விடிந்ததும் தொழுவத்துக்குப் போவான், விரலை நீட்டுவான், மயிலை ஒரு சப்புச் சப்பும். அதன் பிறகுதான் அவனுக்குப் பொழுது விடியும்.

மாடுகளை மேய்த்தவள் விருமாயி. வாய் நீளம். கையும் கெட்டி. அவள் தம்பி தவசி வாத்து மேய்ப்பவன். ஊர்க் கண்மாயில் அவனுடைய வாத்துக் கூட்டம் காலை முதல் மாலை வரை சேற்றைக் கிளறிக்கொண்டு கிடக்கும்.

ஒரு நாள் காலையில் மயிலையின் வாயில் ஒரு வாத்து இறகு ஒட்டிக்கொண்டிருந்தது. வைரவன் பார்த்தான்.

"என் மாடு குடிக்கிற தண்ணியில உன் வாத்து குளிக்குதா?"

"வாத்து பின்ன எங்கங்கய்யா குளிக்கும்? உங்க வீட்டு அண்டாவிலயா?" என்றான் தவசி.

அக்காளுக்குத் தம்பி. வாய் அப்படித்தான் இருக்கும். வைரவனுக்குச் சுருக்கென்றது. அன்று சாயங்காலமே மண்டபத்தில் சொல்லிவிட்டான்: "கண்மாய்ல வாத்து இறங்கக் கூடாது. இறகை என் கண்ணால பார்த்தேன். தீர்ந்தது."

தவசி வாத்துகளை ஓட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனான். போகும்போது ஒரு வார்த்தைதான் சொன்னான்: "நத்தையை இனிமே யாரு தின்பா?" மண்டபம் சிரித்தது. நத்தையைத் தின்ன ஆள் வேண்டுமாம்!

மழை வந்தது. கண்மாய் நிறைந்தது. தண்ணீர் வடிய வடிய, கரையோரச் சேற்றில் புல் கொழுகொழுவென்று எழுந்தது. அந்தப் பச்சையைப் போல் அந்தச் சீமையில் வேறு பச்சை கிடையாது. புல்லின் அடியில் நத்தை. அள்ள அள்ள நத்தை. அதை யார் பார்த்தார்கள்? ஊரார் மாடுகளை மேட்டுக்கு விரட்டிவிட்டு, அந்தக் கரையைத் தன் மாடுகளுக்கென்று வைத்துக்கொண்டான் வைரவன்.

தை பிறந்தது. விருமாயி வந்து நின்றாள்.

"நாட்டாமையய்யா, மயிலைக்குத் தாடைக்குக் கீழ வீங்கியிருக்கு. தண்ணி ஊத்தின தோல்பை மாதிரி தொங்குது. ஒரு எட்டு வந்து பாருங்க."

வைரவன் மறுநாள் விடியலில் போனான். தாடையைத் தடவினான். கழுத்தைத் தடவினான். வீக்கம் இல்லை. மயிலை விரலைச் சப்பியது.

"எங்கடி வீக்கம்?"

"சாயங்காலம் இருந்துச்சுய்யா."

"என் கண்ணால பார்த்தேன். இல்ல. தீர்ந்தது."

பத்து நாள் கழித்து மறுபடியும் வந்தாள். "அய்யா, பால் பாதியாப் போச்சு. நீராக் கழியுது. கண்ணிமையை இழுத்துப் பார்த்தா வெள்ளைத் துணி மாதிரி இருக்கு, ரத்தமே இல்ல. தாடை மறுபடியும் தொங்குது. அந்தக் கரையை விட்டு மேட்டுக்கு ஓட்டிக்கிறேன்."

வைரவன் விடியலில் போனான். சாணத்தைப் பார்த்தான். இளம்புல் தின்றால் கழியத்தான் செய்யும் என்றான். தாடையைப் பார்த்தான். வீக்கம் இல்லை. மயிலை விரலைச் சப்பியது, கொஞ்சம் மெதுவாக. அதை அவன் கவனித்தான். கவனித்தும் வெளியே சொல்லவில்லை. சொன்னால் அவள் சொன்னது சரி என்று ஆகிவிடுமே!

மூன்றாவது முறை அவள் வீட்டுக்கு வரவில்லை. பொழுது சாயும் நேரத்தில், வழக்கு நடக்கும்போது, மண்டபத்துக்கே வந்துவிட்டாள்.

"இப்ப வாங்க. இந்த நிமிசம் எந்திரிச்சு வாங்க. மயிலை மட்டும் இல்ல, இன்னும் ஏழு மாட்டுக்குத் தொங்குது."

மண்டபத்துத் தூணில் சாய்ந்திருந்த சோணை கேட்டான்: "ஏம்மா, காலையில மட்டும் அந்த வீக்கம் எங்க போகுது? களையெடுக்கவா?"

சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. வைரவன் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் ஒரு நடைதான். கூப்பிடு தூரத்தில் கண்மாய். எழுந்திருக்கவில்லை.

"ரெண்டு தடவை பார்த்தாச்சு. ரெண்டு தடவையும் இல்ல. கரை சரியில்லன்னு நான் சொல்லணும், உன் தம்பி வாத்தோட திரும்பி வரணும். அதுதானே?"

"தம்பி வந்தா எனக்குச் சந்தோசந்தான். அதுக்காக மாட்டுக்கு நானா வீக்கம் வச்சேன்?"

"பொய் சொல்றவளுக்கு என் தொழுவத்துல வேலை இல்ல. தீர்ந்தது."

விருமாயி கையிலிருந்த கம்பை மண்டபத்துப் படியில் வைத்தாள். "அப்ப நாளைக்கு நீங்களே பத்திக்கிட்டு வாங்க" என்றாள். போய்விட்டாள்.

மறுநாள் காலையில் மாடுகளை அவிழ்த்துவிட்டான். பழகின மாடுகள், தாமாகவே கரைக்குப் போயின. சாயங்காலம் திருப்பிப் பத்திவர ஆள் இல்லை. அவள் வைத்துப்போன கம்பை எடுத்துக்கொண்டு அவனே போனான். எத்தனையோ வருஷத்தில் அன்றுதான் மண்டபத்தில் அவன் இடம் காலியாக இருந்தது.

வெயில் சாய்ந்திருந்தது. நாள் முழுக்கத் தலையைக் குனிந்து மேய்ந்த மாடுகள் ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கின. ஒன்று, இரண்டு, மூன்று... ஏழு. ஏழு தாடைகளிலும் தண்ணீர் ஊற்றிய தோல்பை போல் தொங்கியது. அவள் சொன்ன அதே மாதிரி. ஒரு வார்த்தை கூடக் கூட்டிச் சொல்லியிருக்கவில்லை அவள்.

மயிலை தலையைத் தூக்கவில்லை. சேற்றில் முன்னங்காலை மடித்துப் படுத்திருந்தது. வைரவன் ஓடிப்போய் விரலை நீட்டினான். அது விரலை வாயில் வாங்கிக்கொண்டது. சப்பவில்லை. வெறுமனே வைத்துக்கொண்டிருந்தது. இருட்டுவதற்குள் போய்விட்டது.

தோலுரித்தவர்கள் வயிற்றைத் திறந்து அவனைக் கூப்பிட்டார்கள். ஈரல் காய்ந்த கட்டையாக இறுகியிருந்தது. கீறினால், உள்ளே சின்னச் சின்ன இலைகள். வேப்பிலை உதிர்ந்து கிடந்த மாதிரி. ஓர் இலை நெளிந்தது. அப்போதுதான் அது புழு என்று தெரிந்தது.

"நத்தை மண்டின கரையில மேஞ்சா இதுதாங்கய்யா. நத்தை வழியா புல்லுல ஒட்டுற புழு" என்றார்கள்.

வைரவன் மிச்ச மாடுகளை மேட்டுக்கு ஓட்டினான். பிறகு அடுத்த ஊருக்கு நடந்து போனான். விருமாயி தம்பி வீட்டு வாசலில் வாத்துக்குக் குருணை போட்டுக்கொண்டிருந்தாள். சேதியைக் கேட்டதும் அவள் கை நின்றது. அவளும்தான் அந்த மாட்டை வளர்த்தாள்.

"காலையில ஏன் இல்ல?" என்று கேட்டான். அதைத்தான் அவனால் கேட்க முடிந்தது.

"ராத்திரி பூரா தொழுவத்துல தலையைக் குனியாமத்தானே கிடக்குது. பகல்ல குனிஞ்சு மேயுறப்ப தாடையில தேங்கின நீர் இறங்கிரும். விடிஞ்சு பார்த்தா நல்ல மாடு. அதான் சாயங்காலம் வாங்கன்னேன்."

"திரும்பி வா, விருமாயி."

"தம்பி வருவான். வாத்தும் வரும். மாட்டுக்காக வருவாங்க. நான் வரலய்யா. நாலு பேர் நடுவுல பொய்க்காரின்னு சொன்ன வாயி உங்க வாயி."

அவன் வந்த வழியே தனியாகத் திரும்பி நடந்தான்.

வாத்துகள் வந்தன. நத்தை குறைந்தது. ஆனாலும் வீங்கிய ஏழில் மூன்றுதான் தேறின. நத்தை குறைந்த பிறகும் மற்ற நாலும் செத்தன; முன்பே தின்ற புல்லோடு புழு உள்ளே போயிருந்தது.

வைரவன் அதற்குப் பிறகும் வழக்குக் கேட்டான். ஆனால் "தீர்ந்தது" என்ற சொல்லை அவன் வாயிலிருந்து யாரும் கேட்கவில்லை. சாட்சிக்காரன் எவனாவது "என் கண்ணால பார்த்தேன்" என்று சொன்னால், வைரவன் தன் விரலையே பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு மெதுவாகக் கேட்பான்:

"எந்த நேரத்துல பார்த்தே?"

அவன் மயிலையோடு ஐந்து பசுக்களைக் கொடுத்துக் கற்றதை நீங்கள் சும்மாவே வாங்கிக்கொள்ளுங்கள்: சொல்கிறவர் மேல் உங்களுக்குச் சந்தேகம் இருந்தாலும், அவர் பார்க்கச் சொன்ன நேரத்தில் ஒரு தரமாவது போய்ப் பார்க்காமல் அவரைப் பொய்யர் என்று சொல்லாதீர்கள்.