அமைச்சர் சிறைக்குள்ளிருந்து எழுதிய சட்டம்

வேங்கை நாட்டு அரசர் மானவேளுக்கு ஓயாத தலைவலி. காரணம், ஆடுகள்.

அந்த நாட்டில் ஒருவரைச் சிறையில் போடும் அதிகாரம் அரசருக்கு மட்டும்தான். ஊர் நடுவர்கள் வழக்கைக் கேட்டு, திட்டி, அரண்மனைக்கு அனுப்பி வைப்பார்கள். அதனால் ஆடு திருடியவன், வேலியைப் பிடுங்கியவன் எல்லோரும் அரசர் முன்னால்தான் வந்து நின்றார்கள்.

"நேற்றுக் கனவிலும் ஆடு கத்தியது!" என்று புலம்பினார் அரசர்.

அமைச்சர் திருவேகம்பர் சமயம் பார்த்து ஒரு புதுச் சட்டத்தை வாசித்தார். "ஊர் நடுவருக்கு ஐயம் எழுந்தால் எவரையும் சிறையிடலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவர் சொல்லை யாரும் மறுக்கக் கூடாது."

"அருமை! முத்திரையைக் கொண்டு வாருங்கள்" என்றார் அரசர்.

அவையில் இருந்த மருதவாணர் விகடம் பேசியே பேர் வாங்கியவர்தான். ஆனால் அன்று சிரிப்பு வரவில்லை. தலைநகர் நடுவர் சேந்தன் அமைச்சரின் மைத்துனர். வழக்கு நடக்கும்போது சேந்தன் குறட்டை விடுகிறார் என்று மோர்க்காரி காத்தாயி சந்தையில் சொல்லிவிட்டாள். அவளை உள்ளே தள்ளத் துடித்தார் சேந்தன். அரசர் சிரித்துவிட்டு அனுப்பியதால் தப்பினாள். இந்தச் சட்டம் வந்தால்?

'வேண்டாம் என்றால் அரசர் காதில் ஏறாது. ஆடு அந்தப் பாடு படுத்துகிறது' என்று நினைத்தார் மருதவாணர். எழுந்து கைகூப்பினார்.

"அற்புதமான சட்டம், அரசே! இங்கேயே கொஞ்ச நேரம் நடத்திப் பார்க்கலாமா? நான் நடுவராக இருக்கிறேன்."

அரசருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இரும்! இந்த நொடியிலிருந்து நீர்தான் நடுவர்."

மருதவாணர் மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். "காவலரே, அமைச்சர் மேல் எனக்கு ஐயம் எழுகிறது. சிறையில் போடுங்கள்."

"என்னையா? நான் என்ன குற்றம் செய்தேன்?" என்று துள்ளினார் திருவேகம்பர்.

"காரணம் சொல்ல வேண்டியதில்லையே!"

"அரசே, நீங்களாவது சொல்லுங்கள்!"

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "போதும் மருதவாணரே, அவரை விட்டுவிடும்."

"நடுவர் சொல்லை யாரும் மறுக்கக் கூடாது, அரசே. அரசரைத் தவிர என்று சட்டத்தில் இல்லை. நீங்கள் மறுத்தால்..." மருதவாணர் தயங்கித் தயங்கி இழுத்தார். "எனக்கு உங்கள் மேலும் ஐயம் எழும்."

அரசரின் சிரிப்பு சட்டென்று நின்றது. சட்டம் எங்கே கொண்டுபோய் விடும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. காவலரைப் பார்த்துத் தலையசைத்தார்.

அமைச்சரைச் சிறைக்குக் கூட்டிப் போனார்கள். பொழுது சாய்வதற்குள் அவர் ஓலையும் எழுத்தாணியும் கேட்டு ஆள் அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் திருத்திய சட்டம் அவைக்கு வந்தது. சிறு குற்றங்களுக்கு நடுவரே தண்டனை தரலாம். ஆனால் காரணத்தைச் சொல்ல வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் பேச்சையும் கேட்க வேண்டும். தீர்ப்புப் பிடிக்காதவர் அரசரிடம் முறையிடலாம்.

அரசர் உடனே முத்திரை குத்தினார். "அமைச்சரை விடுவிக்கிறேன்" என்றார் மருதவாணர். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மருதவாணருக்குப் போட்ட அரசருக்கு ஒரு வியப்பு மட்டும் தீரவில்லை.

"காலையில் அப்படி எழுதிய மனிதர், மாலையில் எப்படி ஐயா இவ்வளவு நன்றாக எழுதினார்?"

"காலையில் வெளியே நின்று எழுதினார், அரசே. பூட்டுதான் ஞாபகம் வந்தது. உள்ளே உட்கார்ந்து எழுதியபோதுதான் கதவு ஞாபகம் வந்தது!"

அரசர் சிரித்த சிரிப்பில் அவையே அதிர்ந்தது.