வாய்தா கேட்டவர் வெளியே

மூங்கிலோடைக் காட்டில் ஒரு கிளியின் மரப்பொந்தை மைனா ஒன்று பிடித்துக்கொண்டது. கிளிக்கோ முட்டையிடும் நேரம். அடித்துப்பிடித்துக்கொண்டு நீதிபதி காட்டெருமையிடம் போய் முறையிட்டது.

விசாரணை நாளில் மைனா வந்தது. "தொண்டை கட்டிப்போச்சுங்க. ஒரு வார்த்தை பேச முடியல," என்று கணீரென்று சொன்னது.

"அப்படியா? சரி, அடுத்த வாரம் பார்ப்போம்," என்றது எருமை, அசைபோட்டபடி.

அடுத்த வாரம் சாட்சி அணில் ஊரில் இல்லை என்றது மைனா. அதற்கடுத்த வாரம் நாள் நன்றாக இல்லை என்றது. ஒவ்வொரு முறையும் வாய்தா வாங்கிக்கொண்டு, நேரே பொந்துக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

முள்ளம்பன்றிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காட்டு நீதிமன்ற விதிகளை ஒன்றுவிடாமல் படித்த சட்ட அறிஞர் அது. வாய்தா விதியை மாற்றுங்கள் என்று மூன்று வருஷமாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

"தலைவரே, வாய்தா குடுங்க, வேணாங்கல. ஆனா கேட்டவங்க வழக்கு முடியிற வரைக்கும் பொந்துக்கு வெளியில இருக்கணும்னு ஒரு விதி போடுங்க," என்றது.

"அருமையான யோசனை. படிச்சவங்கன்னா படிச்சவங்கதான். அடுத்த பௌர்ணமிக்கு எல்லாரும் கூடிப் பேசுவோம்," என்றது எருமை.

முள்ளம்பன்றியின் முட்கள் அத்தனையும் சிலிர்த்துக்கொண்டன.

"அப்ப இப்போ வாய்தா கேக்குறது நீங்க. பௌர்ணமி வரைக்கும் உங்க சேத்துக் குட்டைக்கு வெளியில நில்லுங்க!"

சொன்னதோடு விடாமல், குட்டை நடுவில் போய் முள்ளை விரித்துக்கொண்டு படுத்துவிட்டது.

சித்திரை வெயில். கரையில் நின்ற எருமைக்கு முதுகு காந்தியது. உச்சிப்பொழுதுகூடத் தாண்டவில்லை.

"எந்திரிங்க சாமி. விதியை இப்பவே மாத்திடறேன்," என்றது.

புது விதியைக் கேட்டதும் மைனா ஓடோடி வந்தது. "நான் ரெடிங்க. இன்னிக்கே விசாரிங்க," என்றது. தொண்டை, சாட்சி, நாள் எதைப் பற்றியும் பேச்சில்லை. அரைமணி நேரத்தில் வழக்கு முடிந்து, பொந்து கிளிக்குக் கிடைத்தது.

முள்ளம்பன்றி பெருமையோடு கிளியைப் பார்க்கப் போனது. கிளி உள்ளே போகாமல் கிளையிலேயே உட்கார்ந்திருந்தது.

"நேத்தே முட்டை வந்துடுச்சுங்க ஐயா. கிளையில எங்க நிக்கும்? கீழ விழுந்து உடைஞ்சுபோச்சு," என்றது.



தாமதத்தால் வரும் கஷ்டம் தாமதிப்பவருக்கே வராதவரை, நியாயம் நேரத்துக்கு வந்து சேராது.