கொட்டாங்குச்சிக்குள்ள பூசணிக் கன்னு

குளத்தங்கரைப் புதருக்குள்ள குருவாயின்னு ஒரு சுண்டெலி இருந்துச்சு. பயந்தாங்கொள்ளின்னா அப்படியொரு பயந்தாங்கொள்ளி! தன் வாலு பின்னால அசைஞ்சாலே, "யாருடா அது?"ன்னு கேக்கும்.

பயத்துக்குக் காரணமும் இருந்துச்சு. வயித்துல குட்டிங்க. காட்டுல விதையெல்லாம் தீர்ந்து போச்சு. மிச்சம், வளை வாசல்ல முளைச்ச ஒத்தைப் பூசணிக் கன்னுதான். அது காய்ச்சாத்தான் குட்டிங்களுக்குச் சோறு. ஆனா தினமும் ஒரு தாடிக்கார ஆடு, "ம்ம்மே... பச்சையா ஏதாச்சும் இருக்காஆஆ?"ன்னு இழுத்துக்கிட்டே அந்தப் பக்கம் வரும்.

குருவாயி ஒரு கொட்டாங்குச்சியை உருட்டிட்டு வந்து கன்னு மேல கவுத்துடுச்சு. "இனிமே எவன் கண்ணும் படாது!"

கொஞ்ச நாள் கழிச்சு மெல்லத் தூக்கிப் பார்த்துச்சு. கன்னு வெளிறி மஞ்சளா, நூலாட்டம் நீண்டு சாஞ்சு கிடந்துச்சு.

"அடியே! என் வீட்டை ஏண்டி இடிக்கிறே?"

"யா... யாரு?"

"இலைக்குள்ள பாரு!"

இலைத் தோலுக்கு அடியில கோடு கோடா குடைஞ்சு குடியிருக்கிற புழு அது.

"இலையைத் திங்கிறவனே நீதானே!"

"நான் ஓரமா ஒரு கோடு திம்பேன். நீ மொத்தமா காலி பண்றியே! இங்க உள்ள குட்டிக் குட்டிப் பச்சை உருண்டைங்க இருக்கு. ஒவ்வொண்ணுக்குள்ளயும் அப்பளம் அடுக்கின மாதிரி மெல்லிசுத் தோலு. வெயிலைப் பிடிச்சுச் சோறாக்குறதே அந்த அடுக்குதான். வெளிச்சம் பட்டாத்தான் செடி புதுசா அடுக்கும், கிழிஞ்சதை மாத்தும். இருட்டுல எல்லாம் கலைஞ்சு போச்சுடி!"

"ஐயையோ!" உச்சி வெயில்னும் பாக்காம குருவாயி கொட்டாங்குச்சியைத் தூரத் தள்ளிடுச்சு.

"அடி அவசரக்காரி! அரைகுறை அடுக்கு ஒரேயடியா வெயில் பட்டா கருகிடும்! கொட்டாங்குச்சியைச் சாய்ச்சு வை. இளவெயில் மட்டும் விழட்டும்!"

"ஆடு வந்தா?"

"பல்லு எதுக்கு வெச்சிருக்கே? வேலி போடு!"

குருவாயி கொட்டாங்குச்சியைத் திரும்ப உருட்டிட்டு வந்து கன்னு மேல சாய்ச்சு வெச்சுச்சு. அப்புறம் வாயெல்லாம் ரத்தம் கசியக் கசியக் கருவேல முள்ளைக் கடிச்சு இழுத்துச் சுத்தி அடுக்குச்சு. இலை மெள்ளப் பச்சை பிடிச்சுது. கொட்டாங்குச்சியையும் முழுசா எடுத்தாச்சு.

அன்னிக்கே ஆடு வந்துடுச்சு! "ம்ம்மே... பச்சையா இருக்கேஏஏ!"

குருவாயி ஓடிப்போய்க் கொட்டாங்குச்சி மேல கையை வெச்சுச்சு. மூடலாமா? வேணாமா? கண்ணை இறுக்கிக்கிட்டு, மூடாமலே நின்னுச்சு.

ஆடு மூக்கை நீட்டுச்சு. "ம்ம்... ம்ஹ்... ஆத்தாடி மேஏஏ!" முள்ளு குத்தின மூக்கோட ஒரே ஓட்டம்!

"போயிடுச்சா?"ன்னு கேட்டுக்கிட்டே குருவாயி கண்ணைத் திறந்துச்சு. கொடி நுனியில ஒரு மொட்டு எட்டிப் பாத்துச்சு.

காப்பாத்துறேன்னு வெளிச்சத்தையே மறைச்சுட்டா, காப்பாத்துறதுக்கு அங்க ஒண்ணுமே மிஞ்சாது.