பதினாறு கறியும் ஒரு கலயம் கஞ்சியும்

கடன் கழுத்தை நெரிக்கவும் ஜமீன்தார் பொன்னுலிங்கத்துக்குத் திடீரென்று சிக்கனம் பிடித்தது. சமையல்காரி சிலம்பாயியைக் கூப்பிட்டார்.

“நாளையிலேருந்து அடுக்களைச் செலவு பாதியாகணும். வேலைக்காரங்க கஞ்சியில கையை வை. என் இலையில ஒரு கறி குறைஞ்சா தொலைச்சிடுவேன்!”

சிலம்பாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கஞ்சியில் தண்ணீரைத் தவிர என்ன இருக்கிறது? தினமும் அவரைப் புகழ்ந்தே வயிறு வளர்க்கும் இருபது பேர் மட்டும் இந்த மனுஷன் கண்ணில் படவில்லையே!

மறுநாள் ஜமீன்தார் இலையில் பதினாறு கறியும் பரிமாறினாள். அந்த இருபது பேர் முன்னால் வேலைக்காரர் கஞ்சியை வைத்தாள்.

“என்னடி இது?”

“உங்க இலையில ஒண்ணும் குறையல எசமான். செலவும் பாதியாயிடுச்சு.”

அடுத்த நாள் பந்தியில் ஒரே இலை.

“எல்லாரும் எங்கடி?” என்று கத்தினார் ஜமீன்தார்.

“அடுத்த ஜமீனைக் கடனாளியாக்கப் போயிட்டாங்க எசமான்.”